பூவுக்குப் பனிக்கட்டிக் கவசம்

பனி என்னும் ஒரு சொல்லை நாம் பல பொருள்களுக்கு வழங்குகிறோம். விடியற்காலையிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. தலையை நனைத்துத் தடிமனைத் தருவதும் பனி. இமயத்தின் முடியிற் கிடப்பதும் பனி. இவற்றுள் உழவனுக்குப் பெரும் பகையாவது உறைபனி. காற்றிலுள்ள நீராவி துளியாகாமல் வெண்பொடியாக இலையிற் படிவதோடு, செடியின் உள்ளிருக்கும் நீரும் அதனால் உறைந்துபோகிறது. நுவரெலியாப் பகுதியில் வாழ்வோரை விட்டால், நம்மவரிற் பெரும்பாலோர் அதனைக் கண்ணாற் கண்டிருக்கமாட்டார். ஐரோப்பாவில் அப்பிள், பீச், அப்பிரிக்கொட், செரி முதலிய பழமரங்களை வளர்ப்போருக்கோ அஃது ஆண்டுதோறும் இளவேனிலில் வந்து வாசலில் நிற்கும் அச்சமாகும்.

நமது உழவன் வானத்தில் முகிலைக் காணாவிட்டால் வருந்துகிறான். அங்குள்ள தோட்டக்காரனும் முகிலைக் காணாவிட்டால் வருந்துகிறான். ஆனாற் காரணம் வேறு. ஏப்ரல் மாதத்து மாலையொன்றில் முகில் கலைந்து, காற்று ஓய்ந்து, விண்மீன்கள் தெளிவாகத் தோன்றினால், அன்றிரவு அவனுக்கு உறக்கமில்லை. அவனது மரங்கள் அப்பொழுது பூத்து நிற்கும். விடியுமுன் இரண்டு மூன்று மணி நேரத்துள் ஓராண்டு உழைப்பின் பயன் முழுவதும் போய்விடலாம். மரம் சாவதில்லை. மறுநாட் காலையிற் பூக்களும் கிளையிலேயே இருக்கும். ஆனால் ஒரு பூவைக் கிள்ளிப் பிளந்து பார்த்தால் நடுவிலுள்ள சூலகம் கறுத்திருக்கும். கறுத்த பூ காயாகாது.

2021ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டில் நிகழ்ந்ததை இங்கே கூறலாம். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் அந்நாட்டின் பல பாகங்களில் வெப்பநிலை 25 பாகையைத் தாண்டியது. வேனில் வந்துவிட்டதென்று நம்பியவைபோல மரங்கள் மொட்டவிழ்த்தன. திராட்சைக் கொடிகள் தளிர்த்தன. ஒரு கிழமை கழிந்ததோ இல்லையோ, ஏப்ரல் 5ஆந் திகதிக்கும் 8ஆந் திகதிக்கும் இடைப்பட்ட இரவுகளில் வடதிசைக் குளிர் இறங்கியது. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அப்பிரிக்கொட், பீச் தோட்டங்களும் நாட்டின் புகழ்பெற்ற திராட்சைத் தோட்டங்களும் ஒருங்கே அழிவுற்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த வேளாண்மை அழிவுகளுள் இதுவே மிகப் பெரிதாகலாம் என்று அந்நாட்டு விவசாய அமைச்சர் கூறினார். அரசாங்கம் 100 கோடி யூரோ உதவியளிப்பதாக அறிவித்தது.

இத்தகைய பகையைத் தோட்டக்காரன் எவ்வாறு எதிர்க்கிறான்? தீயால் எதிர்க்கிறான், காற்றால் எதிர்க்கிறான், நீராலும் எதிர்க்கிறான். இம்மூன்றனுள் வலியது தீயன்று, நீரே என்பதும், உறைதலிலிருந்து பூவைக் காப்பதற்கு உறைதலே துணைசெய்கிறது என்பதும் மாணவர்க்கு வியப்பளிக்கும். அவ்வியப்பின் உள்ளே நுழைந்து பார்ப்பதே நமது நோக்கம்.

இரண்டு பாகைப் போர்

குளிர்நாட்டு மரங்கள் குளிருக்கு அஞ்சுபவை அல்ல. மாரிகாலத்தில் இலையெல்லாம் உதிர்த்து உறங்கும் அப்பிள் மரம் கடுங்குளிரைத் தாங்கும். அக்குளிர் அதற்கு வேண்டியதுங்கூட. உறக்கம் கலைந்து மொட்டு விரியத் தொடங்கும்போதே அதன் வலிமை குறையத் தொடங்குகிறது.

அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திற் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளிலிருந்து இதற்கு ஓர் அட்டவணை வகுத்துள்ளனர். அப்பிளின் மொட்டு தன் வெள்ளி நிற நுனியைக் காட்டும் பருவத்தில், அரை மணி நேரம் பூச்சியத்துக்குக் கீழே 9.4 பாகைக் குளிரில் நின்றாற்றான் நூற்றுக்குப் பத்து மொட்டுகள் சாகும். அதே மரம் முழுதும் பூத்து நிற்கும்போதோ, பூச்சியத்துக்குக் கீழே 2.2 பாகையே பத்துப் பூக்களைக் கொல்லப் போதும். குளிர் 3.9 பாகைக்கு இறங்கினால் நூற்றுக்குத் தொண்ணூறு பூக்கள் அழியும்.

இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்குக. பத்தில் ஒன்றை இழப்பதற்கும் பத்தில் ஒன்றே மிஞ்சுவதற்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு பாகைகூட இல்லை. தோட்டக்காரன் குளிர் முழுவதையும் விரட்ட வேண்டியதில்லை. அந்த இரண்டு பாகையைக் காத்துக்கொண்டால் அவன் வென்றவனாவான். நூற்றுக்குப் பத்துப் பூக்கள் போனாலும் அவன் பெரிதும் வருந்துவதில்லை. அப்பிள் மரம் தன்னாற் காய்க்கக்கூடியதிலும் பன்மடங்கு பூக்களைப் பூக்கிறது.

கைக்குட்டை கற்பித்த பாடம்

அந்த இரண்டு பாகை எங்கே போகிறது? இந்த வினாவுக்குத் தெளிவான விடை கண்டவர்களுள் முதன்மையானவர் இலண்டனில் வைத்தியராக இருந்த வில்லியம் சாள்ஸ் வெல்ஸ் என்பவர். 1814ஆம் ஆண்டிற் பனியைப் பற்றி அவர் எழுதிய நூல் அறிவியல் வரலாற்றில் இடம்பெற்றது.

மென்மையான செடிகளைக் குளிரிலிருந்து காப்பதற்குத் தோட்டக்காரர் அவற்றின் மேலே மெல்லிய பாயையோ துணியையோ விரிப்பதைக் கண்டு தாம் முன்னர் நகைத்ததுண்டென்றும், அது அரைகுறை அறிவின் செருக்கென்றும் அவர் அந்நூலில் ஒப்புக்கொள்கிறார். செடியைச் சுற்றியுள்ள காற்றுக் குளிர்ந்திருக்கும்போது மெல்லிய பாயொன்று அக்குளிரை எவ்வாறு தடுக்கும் என்பதே அவருடைய ஐயம். பின்னர் அவர் புற்றரையிலே நான்கு சிறு குச்சிகளை நட்டு, நிலத்திலிருந்து ஆறு அங்குல உயரத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையை இழுத்துக் கட்டினார். கைக்குட்டையின் நாற்புறமும் காற்றுத் தடையின்றிச் சென்றுவந்தது. எனினும், தெளிந்த இரவுகளில் அதன் கீழிருந்த புல், வெட்டவெளியில் இருந்த புல்லிலும் வெப்பமாகவே இருந்தது.

இதிலிருந்து அவர் அறிந்தது யாதெனில், குளிர் என்பது மேலிருந்து விழும் ஒரு பொருளன்று. நிலமும் புல்லும் பூவும் தம்மிடமுள்ள வெப்பத்தைக் கதிராக வானை நோக்கி வீசிக்கொண்டே இருக்கின்றன. பகலிற் சூரியன் அந்த இழப்பை ஈடுசெய்கிறான். இரவில் ஈடு இல்லை. முகில் இருந்தால், அது வெப்பத்தின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். முகிலும் இல்லாவிட்டால், திறந்த வானத்தின் கீழ் நிற்கும் பூ தன்னைச் சூழ்ந்த காற்றிலும் மிகுதியாகக் குளிர்ந்துவிடும். கைக்குட்டை குளிரைத் தடுக்கவில்லை. வெப்பம் வெளியேறும் வாயிலை மூடியது.

தோட்டக்காரரின் கைப்பழக்கம் சரியாக இருந்தது. அதன் காரணமே அறியப்படாதிருந்தது. குளிரை விரட்டுவதன்று, வெப்பத்தைக் காப்பதே தொழில் என்னும் இவ்வுண்மையை உரைகல்லாகக் கொண்டு ஏனைய முறைகளை ஆராய்வோம்.

தீயும் புகையும்

தீ மூட்டுவது மிகப் பழைய வழி. கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, வெட்டிய கொடிகளையும் பதரையும் களைகளையும் குவித்து எரித்தால் அப்புகை பயிரைக் காக்கும் என்று எழுதியுள்ளார். 1913ஆம் ஆண்டு ஜனவரியிற் கலிபோர்னியாவின் தோடைத் தோட்டங்கள் கடும் உறைபனியால் அழிந்த பின்னர், அங்குள்ளோர் வரிசை வரிசையாக எண்ணெய் அடுப்புகளை வைத்து எரிக்கும் வழக்கம் பரவியது. கரும்புகை பல ஊர்களை மூடியது. புகைதான் காக்கிறது என்று பலர் நம்பினர்.

உண்மையில் அடுப்பின் வெப்பம் காத்ததேயன்றிப் புகை காக்கவில்லை. புகைத்துகள்கள் மிக நுண்ணியவை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அவை மறைக்கும்; நிலத்திலிருந்து எழும் நீண்ட அலை வெப்பக் கதிரையோ ஊடுருவிச் செல்ல விட்டுவிடும். அதுமட்டுமன்று, காலையிற் சூரியன் எழுந்ததும் அவன் ஒளியை மறித்து நிலம் சூடேறுவதைத் தாமதப்படுத்துவதும் அதே புகைதான். பகைவனை விட்டுவிட்டு நண்பனைத் தடுக்கும் காவலனை ஒத்தது புகை.

ஆதலின் இன்று தீயைப் பயன்படுத்துவோர் பெரும் புகையெழுப்பாத பரபின் மெழுகை வாளிகளில் நிரப்பி, ஒரு ஹெக்டேயருக்கு முந்நூறு நானூறு வாளிகள் வரை வைத்துக் கொளுத்துகின்றனர். ஒரு பெருந்தீயிலும் பல சிறு தீக்களே இங்கு நன்மை தருவன. பெருந்தீயின் அனல் வேகமாக மேலெழுந்து தோட்டத்தைவிட்டே போய்விடும். சிறு தீக்களின் வெப்பம் மரங்களிடையே தங்கும். இரவில் மலைச்சரிவிலிருந்து நோக்கினாற் கார்த்திகை விளக்கீடுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு விளக்கும் பணம். மெழுகு ஓரிரவு எரியும். உறைபனியோ அடுத்தடுத்து மூன்று நான்கு இரவுகள் வரும். 2021இல் விறகு, வைக்கோல் முதலியவற்றை எரித்தோரும் பலர். அப்புகை ரோன் பள்ளத்தாக்கின் நகரங்கள் மீதும் பரந்தது. தோட்டக்காரனின் துயரம் நகரத்தாரின் மூச்சிலும் கலந்தது.

மேலே நிற்கும் வெப்பம்

பகலில் உயரச் செல்லச் செல்லக் காற்றுக் குளிரும் என்பது நாம் அறிந்ததே. காற்றோட்டமில்லாத தெளிந்த இரவில் இம்முறை தலைகீழாகிறது. நிலம் குளிர்ந்து தன்னைத் தொட்டிருக்கும் காற்றையும் குளிர்விக்க, பாரமான அக்குளிர்காற்றுக் கீழே படுத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து மீற்றர் உயரத்திற் சில பாகை வெப்பமான காற்று நிற்கும். பூக்கள் உறையும்போது, அவற்றைக் காக்கப் போதிய வெப்பம் தென்னை உயரத்தில் வீணே நிற்கிறது.

அதனைக் கீழே கொண்டுவரும் கருவியே தோட்டத்து விசிறி. ஏறக்குறைய பத்து மீற்றர் உயரமுள்ள தூணின் தலையில் விமானத்தின் சுழலிபோன்ற இறக்கைகள் சுழன்று, மேற்காற்றையும் கீழ்க்காற்றையும் கலக்கும். ஒரு விசிறி பத்து ஏக்கர் வரை காக்கவல்லது. சிலர் ஹெலிகொப்டரை வாடகைக்கு அமர்த்தித் தோட்டத்தின் மேலே தாழப் பறக்கச் செய்வதும் உண்டு. யப்பானில் சிசுவோக்கா முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் இத்தகைய சிறு விசிறிகள் கம்பங்களின் மேலே வரிசையாக நிற்கின்றன.

ஆனால் விசிறி வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இருப்பதைப் பங்கிடுகிறது. வடதிசையிலிருந்து பெருங்குளிர்காற்றே வீசும் இரவில் மேலேயும் குளிர், கீழேயும் குளிர். அப்பொழுது விசிறியாற் பயனில்லை.

உறைந்து காக்கும் நீர்

இத்தாலியின் வடக்கெல்லையில் அல்ப்ஸ் மலைகளிடையே தென் தைரோல் என்னும் மாகாணம் உண்டு. ஐரோப்பாவின் பெரிய அப்பிள் தோட்டப் பகுதிகளுள் அதுவும் ஒன்று. ஏப்ரல் மாதத்திற் சில விடியற்காலைகளில் அங்கே ஓர் அரிய காட்சி தோன்றும். மரங்கள் யாவும் கண்ணாடியாற் செய்தவைபோல மின்னும். ஒவ்வொரு பூவும் தெளிந்த பனிக்கட்டிக்குள்ளே இதழ் கசங்காமல் இருக்கும். அறியாதவர் பூக்கள் யாவும் இறந்தன என்றே எண்ணுவர். உண்மையில் அவை காக்கப்படுகின்றன.

இதன் இரகசியம் நமது மாணவர் பௌதிக வகுப்பிற் கற்கும் மறைவெப்பமே. பனிக்கட்டியை உருக்க வெப்பம் வேண்டும். அதே அளவு வெப்பத்தை, நீர் உறையும்போது வெளியே விட்டாகவேண்டும். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெளிப்படுகிறது. பூவின் மேலே தெளிகருவியால் இடைவிடாது நீரைத் தூவினால், அந்நீர் உறைந்து உறைந்து வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பனிக்கட்டியும் அதன்மேல் உறையாத நீரும் சேர்ந்திருக்கும்வரை வெப்பநிலை பூச்சியத்தை விட்டு இறங்காது. பூ பூச்சியத்தைத் தாங்கும். அதன் கீழே இரண்டு பாகையைத்தான் தாங்காது என்பதை முன்னரே கண்டோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 3 மில்லிமீற்றர் மழையளவு நீர் தூவினால், ஒரு ஹெக்டேயருக்கு 30,000 லீற்றர் வேண்டும். அவ்வளவு நீரும் உறைந்தால் வெளிப்படும் வெப்பம் 240 கோடி கலோரி. ஏறக்குறைய 240 கிலோகிராம் எண்ணெயை எரிப்பதற்கு அது சமம். எட்டு மணி நேரத்துக்கு 2,40,000 லீற்றர் நீர் வேண்டும். குளிர் மிகுந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். இதனாலேயே இம்முறை, ஆறும் அணையும் அருகில் உள்ளவர்க்கே ஏற்றதாகிறது.

இக்கவசத்தைக் கையாளுவதிற் பெரும் அபாயமும் உண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது 600 கலோரி அளவில் வெப்பத்தை உறிஞ்சும். உறையும்போது தருவதைப்போல இஃது ஏழரை மடங்கு. நள்ளிரவில் நீரிறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டாலோ, உலர்ந்த காற்று வலிதாக வீசினாலோ, கொடுத்ததற்கு மேலாக வெப்பம் பறிபோகும். நனையாத பூவிலும் நனைந்த பூவே முதலில் அழியும். ஆகவே குளிர் பூச்சியத்தைத் தொடுமுன்னரே நீரைத் திறக்கவேண்டும். காலையிற் சூரியனால் பனிக்கட்டி உருகிக் கழலும்வரை நிறுத்தலாகாது. பனிக்கட்டி கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் நீர் போதுமானது. பால்போல வெளுத்தால் நீர் குறைவு. பாரம் தாங்காமற் கிளை முறிவதும் உண்டு. இவற்றையெல்லாம் இருளிற் கைவிளக்கோடு சென்று பார்த்துவருவது தோட்டக்காரனின் வேலை. தொடங்கியபின் இடையில் விடக்கூடாத நோன்பு அது.

இரவுக்கு முன்னர்

தீ, விசிறி, நீர் மூன்றும் பகை வாசலில் வந்தபின் எடுக்கும் ஆயுதங்கள். அனுபவமுடையோர் மரத்தை நடுமுன்னரே போரைத் தொடங்குகின்றனர். குளிர்காற்று நீரைப்போலப் பள்ளத்தை நோக்கி வழியும். பள்ளத்தின் அடியில் நட்ட மரம் அக்குளிர்க் குளத்துள் மூழ்கும். சரிவின் நடுவில் நட்ட மரம் தப்பும். சரிவுக்குக் குறுக்கே அடர்ந்த வேலியோ மதிலோ இருந்தால் அஃது அணையாகிக் குளிரைத் தேக்கும்; வழிவிட்டால் வடிந்துவிடும்.

நிலமும் ஒரு வெப்பக் களஞ்சியமே. புல் மூடாத, ஈரமான, கிளறாத மண் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவிற் கொடுக்கும். புல் உயர்ந்த தரையிலும், புதிதாக உழுது பொருமிய மண்ணிலும் அச்சேமிப்புக் குறைவு. எனவே உறைபனியை எதிர்பார்க்கும் நாட்களிற் புல்லை ஒட்ட வெட்டுவதும், வறண்ட மண்ணுக்கு முன்கூட்டியே நீர் பாய்ச்சுவதும் செலவு குறைந்த காவல்கள். பிந்திப் பூக்கும் இனங்களைத் தெரிந்து நடுவதும் அத்தகையதே. ஜெர்மனி முதலிய நாடுகளில் மே மாதம் 11ஆந் திகதி முதல் 15ஆந் திகதி வரையுள்ள நாட்களைப் பனிப் புனிதர்களின் நாட்கள் என்பர். அந்நாட்கள் கழியுமட்டும் மென்செடிகளை வெளியில் நடலாகாது என்பது முன்னோர் வகுத்த எச்சரிக்கை.

வெம்மையால் வரும் குளிர்த் துன்பம்

உலகம் வெப்பமடைந்து வருகிறதென்றால் உறைபனி அச்சம் ஒழியவேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான வினாவே. உறைபனி இரவுகளின் கடுமை முன்னிலும் குறைந்து வருவது மெய். ஆனால் மாரிகாலமும் முன்வேனிலும் வெப்பமடைவதால் மரங்கள் முன்கூட்டியே பூக்கின்றன. உறைபனி பின்வாங்கும் வேகத்திலும் பூக்கள் முன்னே வரும் வேகம் மிகுந்தால், இரண்டும் வழியிற் சந்திக்கும். 2021ஆம் ஆண்டின் நிகழ்ச்சியை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழுவொன்று, மத்திய பிரான்சிற் பயிர் தளிர்த்தபின் இத்தகைய உறைபனி நேர்வதற்கான வாய்ப்பு, மனிதனால் நேர்ந்த வெப்பமாற்றத்தினால் ஏறக்குறைய 60 வீதம் கூடியுள்ளதென்று கணித்தது. அந்த மார்ச் மாதத்து இனிய வெயிலே ஏப்ரல் மாதத்து அழிவுக்கு வழிதிறந்தது.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய செய்தி உள்ளது. விசிறியும் நீர்க்குழாயும் அமைக்கப் பெரும் முதல் வேண்டும். செல்வமும் ஆறும் உடையவன் தன் இரண்டு பாகையை விலைகொடுத்து வாங்கிக்கொள்கிறான். சிறு தோட்டக்காரனோ நான்கு கட்டு வைக்கோலோடு வானத்தை நோக்கி நிற்கிறான். அவனுக்குக் கைகொடுப்பவை நிலத்தின் அமைப்பை அறிதலும், ஏற்ற இனத்தைத் தேர்தலும், காலத்தோடு கிடைக்கும் வானிலை அறிவிப்பும், அழிவு நேர்ந்தபின் தாங்கும் காப்புறுதியுமே. இவற்றைச் செய்து கொடுப்பது தனியொருவனால் ஆகாது. அரசினதும் கூட்டுறவினதும் கடன் அது.

நமக்கும் இவ்விடயம் முற்றிலும் அந்நியமன்று. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நுவரெலியாப் பகுதியின் தேயிலைக் கொழுந்தும் காய்கறிப் பாத்திகளும் உறைபனியாற் கருகுவதுண்டு. பள்ளமான இடங்கள் முதலிற் பாதிக்கப்படுவதும், முகில் மூடிய இரவில் அச்சம் இல்லாதிருப்பதும் அங்கும் அதே விதிப்படிதான். அல்ப்ஸ் மலையில் ஒரு விதி, பிதுருதலாகலையில் ஒரு விதி என்று இயற்கைக்கு இல்லை.

மறைவெப்பம் 80 கலோரி என்று பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணவர் பலர். அவ்வெண்ணை நம்பி, விடியும்வரை விழித்திருந்து, தன் பூக்களைப் பனிக்கட்டிக்குள் ஒப்படைத்துவிட்டுச் சூரியனுக்காகக் காத்துநிற்கும் ஒருவன் உலகில் இருக்கிறான் என்பதை அவர்கள் நினைத்துக்கொள்வார்களாக. புத்தகத்தில் உயிரற்றுக் கிடக்கும் எண் அவன் தோட்டத்திற் காயாகிப் பழமாகிறது.